ஏற நல்லது, இறங்கக் கெட்டது

போன வாரம் நிவேதா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மயிலாப்பூரில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில், பிசியோதெரபி பிரிவை இப்போது பார்த்துக்கொள்கிறவள். கைத்தடியும் ஊன்றுகட்டையும் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவது எப்படி என்று நோயாளிகள் வீட்டில் போனிலேயே பார்த்துக்கொள்வதற்காக எடுத்தது. ஒரு பொம்மை மனிதன் படியேறுகிறான். பின்னால் ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பது மாதிரி: "ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கவும். இறங்கும்போது கெட்ட காலை முதலில் வைக்கவும்."

"மேடம், எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, நாளைக்கு எல்லாருக்கும் அனுப்பணும்" என்று கீழே எழுதியிருந்தாள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தடியின் உயரம் சரி, பிடித்திருந்த கை சரி, ஒரு வார்த்தைதான் சரியில்லை. 'கெட்ட கால்' என்பதை எடுத்துவிடு என்று பதில் போட்டேன். "வேற என்ன மேடம் சொல்றது? எல்லா இடத்துலயும் அப்படித்தானே சொல்றாங்க?" என்று உடனே கேட்டாள். கட்டைவிரலால் தட்டி முடிகிற கதையில்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்பு, தசை, நரம்பு எல்லாவற்றின் பெயரையும் மனப்பாடம் செய்து தேறினேன். கைத்தடி, கட்டை பற்றிப் பாடத்தில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. பரீட்சையில் வராது என்று யாரோ சொன்னதை நம்பி அதையும் தள்ளிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்த ஒன்றரைப் பக்கம் என்னைத் தேடி வந்துவிட்டது.

எங்கள் பிரிவின் தலைவர் ரஹீம் சார். திருவல்லிக்கேணிக்காரர். குரலை உயர்த்தமாட்டார். குரல் உயராததாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். அன்று காலை என் கையில் ஒரு ஜோடி அக்குள் கட்டையைக் கொடுத்து, "வலது கால் ஒடஞ்சிருச்சுன்னு வெச்சுக்கம்மா. சாயங்காலம் வரைக்கும் அது தரையில படக் கூடாது" என்றார். கேன்டீன் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் போகலாமா என்று கேட்டேன். "ஒன் பேஷண்ட் வூட்ல லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏறிவிட்டேன். டீயும் வாங்கிவிட்டேன். இரண்டு கையும் கட்டையில் இருக்கும்போது டம்ளரை எந்தக் கையால் மேசைக்குக் கொண்டுபோவது? கவுண்டரிலேயே நின்று குடித்தேன். புடவைக் கொசுவம் கட்டை முனையில் மாட்டி இரண்டு முறை விழப் பார்த்தேன். சாயங்காலம் அக்குள் இரண்டும் தோல் சிவந்து எரிந்தது.

"கட்டை எப்படி இருந்திச்சு?" என்று கேட்டார்.

"எனக்கு ரொம்ப உயரம் சார்."

"காலையில எடுத்தவுடனே தெரிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

"நீங்க குடுத்ததால, சரியாத்தான் இருக்கும்னு..."

"ஒன் பேஷண்ட்டும் அதையேதாம்மா சொல்வான்" என்றார். பணியில் இருந்த காலம் முழுக்க நான் மறக்காத பாடம் அது. நோயாளி குறை சொல்லமாட்டார். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ரஹீம் சார் ஒருவருக்குக் கைத்தடி தேர்ந்தெடுப்பதைப் பார்த்திருக்கிறவர்கள் முதலில் அவருக்கு ஏதோ கிறுக்கு என்று நினைப்பார்கள். உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். "செருப்பைக் குடுங்க" என்பார். வாங்கித் திருப்பி அடியைப் பார்ப்பார். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, குதிகாலா நுனியா, இழுத்து நடக்கிறாரா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகு, "எங்க நடப்பீங்க?" என்று கேட்பார். இது முக்கியமான கேள்வி. செருப்பைப் போட்டுக்கொண்டு அளவெடுக்க வேண்டும் என்றுதான் பாடம் சொல்லும். நாம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிடுகிறவர்கள். சர்க்கரை நோய்க்காக மெத்தென்ற தடிமனான செருப்பு போட்டவருக்கு வாசலில் ஒரு உயரம், கூடத்தில் ஒரு உயரம். ரோட்டில் நடக்கவா, வீட்டில் நடக்கவா என்று தெரியாமல் தடியின் உயரத் துளையை மாற்றினால் ஒரு இடத்தில் கூன் விழும்.

பிறகு கையைத் தொங்கவிடச் சொல்வார். மணிக்கட்டில் ஒரு கோடு இருக்கிறதே, தடியின் பிடி அங்கே வர வேண்டும். ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்க வேண்டும். அக்குள் கட்டையென்றால் அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். பாரம் உள்ளங்கையில்தான். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். கடைசியில், அடியில் மாட்டுகிற ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பார். வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்.

தடியை எந்தக் கையில் பிடிப்பது என்பதில்தான் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். இடது கால் முடியவில்லை என்றால் வலது கையில் பிடிக்க வேண்டும். நடக்கும்போது இடது காலோடு வலது கை தானாக முன்னே போகிறதல்லவா, அந்தக் கைதான் அந்தக் காலின் பாரத்தை வாங்கும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது. தலையாட்டிவிட்டு, கதவைத் தாண்டியதும் வலிக்கிற பக்கத்துக்கே மாற்றிக்கொண்டு போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கபாலி கோயில் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். இடது முழங்கால் போய்விட்டது. வலது கையில் தடியைக் கொடுத்ததும் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, நான் தினம் சன்னதிக்குப் போறவன். விபூதிய இடது கையால வாங்கிக்கச் சொல்றேளா?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். உடம்பைவிட விபூதி பெரிதா என்று நான் ஆரம்பித்துவிட்டேன். ரஹீம் சார் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"விபூதி வாங்கறப்ப நடக்கிறீங்களா, நிக்கிறீங்களா?"

"நிக்கறேன்."

"நிக்கறப்ப கம்பை இடது கைக்கு மாத்திக்குங்க. ஒண்ணும் ஆகாது. நடக்கறப்ப மட்டும் வலது கை."

பெரியவர் யோசித்துப் பார்த்து, தடியை எடுத்துக்கொண்டு போனார். அவர் போனபிறகு சார் சொன்னார்: "வழக்கத்தோட சண்டை போட்டா வழக்கம்தாம்மா ஜெயிக்கும். நடுவுல ஒரு சந்து இருக்கும், அதத் தேடு."

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். எங்கள் அறையின் மூலையில் மரத்தால் செய்த படிக்கட்டு ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் படி, நடுவில் சின்ன மேடை. தினமும் காலையில் ஏழெட்டுப் பேரை அங்கே வரிசையாக நிறுத்திப் பயிற்சி கொடுப்போம். ஒருவருக்கு வலது கால் அடிபட்டிருக்கும், இன்னொருவருக்கு இடது. 'வலது காலை வை' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அதனால் சார் ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார். "ஏற நல்லது, இறங்கக் கெட்டது." ஏறும்போது நல்ல கால் முதலில் போய் உடம்பைத் தூக்கும். இறங்கும்போது கட்டையோடு கெட்ட கால் முதலில் இறங்கும், நல்ல கால் மேலே நின்று தாங்கும். சார் "ஏற" என்பார், எல்லோரும் "நல்லது" என்பார்கள். "இறங்க" என்பார், "கெட்டது" என்பார்கள். ஒவ்வொரு படிக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய் சொன்னால் கால் கேட்கும் என்பது அவர் கணக்கு. வார்டில் தூக்கத்தில்கூட அதை முணுமுணுத்தவர்கள் உண்டு.

கோமதி வந்தது அந்த நாட்களில்தான். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண். அப்பா ஏழுமலை, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, நிச்சயித்த பையன் பிரபுவின் பைக்கில் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறார்கள். பஸ் ஒன்று சட்டென்று நின்றது, பைக் சறுக்கியது. பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. இவளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு இரண்டாக உடைந்து, தகடு வைத்து ஆபரேஷன் ஆகியிருந்தது. டாக்டர் சொன்னது ஒரே வார்த்தை: அந்தக் காலில் பாரம் போடக் கூடாது. போட்டால் தகடு வளையும், மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

வெளியே கடையில் வாங்கிய அக்குள் கட்டையோடு வந்திருந்தாள். யாரோ ஆறடி ஆளுக்கு வைத்த துளையிலேயே இருந்தது. தோள் இரண்டும் காதுக்கு ஏறி, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தாள்.

"கை மரத்துப்போகுதா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம். சுண்டு வெரல்லாம் ஜிவ்வுன்னு கீது. அது அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அந்தக் கட்டையை அங்கேயே பறித்து வைத்தேன். பட்டுப்புடவை, மாலை, ஒட்டியாணம் இத்தனையோடு அக்குள் கட்டை ஒத்துவராது. மாலை மாட்டிக்கொள்ளும், ரவிக்கை கிழியும். முழங்கைக் கட்டைதான் சரி. முன்கையைக் கவ்வுகிற வளையம் முழங்கைக்கு இரண்டு விரல் கீழே இருக்கும், வளையல் மணிக்கட்டில் இருக்கும், இரண்டுக்கும் தகராறு இல்லை. பிடியில் ஸ்பாஞ்ச் சுற்றினேன். மருதாணி வைத்த கை வியர்த்தால் வழுக்கும்.

ஏழுமலை கட்டையைக் கவனிக்கவே இல்லை. அவருக்கு வேறு கவலை. கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி என்னிடமே கேட்டார்.

"மேடம், நீங்க டாக்டராண்ட சொல்லி முடியாதுன்னு எழுதிக் குடுங்க. சம்பந்தியம்மா தேதி குறிச்சாச்சு, மாத்த முடியாதுன்னுட்டாங்கோ. இவ இந்தக் காலோட எப்டி மேடம் அங்க போயி நிப்பா?"

"மண்டபத்துல நான் நிக்க வெச்சிடறேன். அது என் பொறுப்பு."

"மண்டபம் இல்ல மேடம். வூடு." குரலைத் தாழ்த்தினார். "மாப்ள வூட்டுக்குள்ள வலது காலத்தான மொதல்ல வெக்கணும்? ஒடஞ்சதே அதான். உள்ள போறப்ப தடுக்கி விழுந்துச்சுன்னா, நாளைக்கு அந்த வூட்ல ஒரு காச்சல் வந்தாக்கூட, அவ காலு வெச்ச நேரம்னு சொல்வாங்க. ஆயுசுக்கும் சொல்வாங்க. ஏற்கெனவே மாப்ளயோட அத்தை ஒருத்தி, பொண்ணுக்கு ராசி இல்லாத காலுன்னு சொல்லிக்கினு திரியறா."

எனக்குச் சுருக்கென்றது. மருமகள் கால் வைத்த நேரம் என்று நம் ஊரில் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம். மாமனாருக்கு வேலை போனாலும் அந்தக் கால்தான், தண்ணீர் மோட்டார் எரிந்தாலும் அந்தக் கால்தான். இந்தப் பெண்ணின் காலோ தகடும் திருகாணியுமாக இருக்கிறது.

கோமதி அழுகிற ரகமில்லை. "தூக்கினு போயிடறேன்னு இவரு சொல்றாரு மேடம்" என்று பக்கத்தில் நின்ற பிரபுவைக் காட்டினாள். ஏசி மெக்கானிக். ஒல்லியான பையன். "தூக்கினு போனா நான் காலே வெக்கலன்னு ஆயிடும். நாற்காலில ஒக்கார வெச்சு தள்ளினு போனாலும் அதான். நான் நடந்துதான் போவேன். நீங்க வழி சொல்லுங்க."

சிக்கல் இதுதான். வாசலில் ஒரு நிலைப்படி இருக்கும். அதை மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். தாண்டுவது என்றால் ஏறுவது. ஏற நல்லது, அதாவது இடது கால் முதலில் போக வேண்டும். சம்பிரதாயம் வலது கால் என்கிறது. வலது காலை முதலில் வைத்து ஏறினால், உடம்பைத் தூக்குகிற பாரம் முழுக்க உடைந்த காலுக்குப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறில் பிரபுவின் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பு, முதல் மாடி. மாடிப்படியில் கைப்பிடி ஒரு பக்கம் உறுதியாக இருந்தது. நிலைப்படி நாலு விரல் உயரம், தாழ்வாரத்து மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க சிமெண்டில் உயர்த்தியது. பிரபுவின் அம்மா சரோஜா காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கறாரான பெண்மணி. தேதியை மாற்றமாட்டேன் என்றவர் இவர்தான் என்பதால் எனக்கும் முகம் கொடுத்துப் பேசத் தோன்றவில்லை.

வாசலில் நின்று நிலைப்படியை முறைத்துக்கொண்டிருந்தபோது விபூதிப் பெரியவர் ஞாபகம் வந்தார். சந்து எங்கே? வெளியிலிருந்து உள்ளே போவது ஏறுவதாக இருப்பதால்தானே தகராறு. அதையே இறங்குவதாக மாற்றிவிட்டால்? வெளியே நிலைப்படியைவிடக் கொஞ்சம் உயரமாக ஒரு பலகை. அதன்மேல் இடது காலால் ஏறிவிடலாம். அது வீட்டுக்கு வெளியே, எந்தக் கால் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அங்கிருந்து உள்ளே இறங்க வேண்டும். இறங்கும்போது, கட்டையோடு சேர்ந்து முதலில் போவது வலது கால். எங்கள் அறையின் வாய்ப்பாடும் அவர்கள் வீட்டுச் சம்பிரதாயமும் அந்த ஒரு அடியில் ஒன்றுதான். எனக்கு அந்த வாசலிலேயே கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

பிரபு தச்சரிடம் சொல்லி அகலமாக ஒரு மணை செய்தான். ஆடாமல் இருக்க, ஏசி பெட்டிக்கு அடியில் வைக்கிற ரப்பர்த் துண்டுகளை நாலு மூலையிலும் ஒட்டினான். நான் ஏறிக் குதித்துப் பார்த்தேன், அசையவில்லை. சரோஜாம்மாவிடம் மூன்று விஷயம் சொன்னேன். மிதியடியை எடுத்துவிட வேண்டும். ஆரத்தித் தண்ணீர் சொட்டக் கூடாது. வாசலில் கோலமாவு தூவிக் கோலம் போடக் கூடாது, மாவின்மேல் ரப்பர் புஷ் வழுக்கும், அரிசி மாவைக் கரைத்து இழைத்துக் காயவிட்டால் பரவாயில்லை. கேட்டுக்கொண்டு காபி டம்ளரை எடுத்துப் போனார்.

அதற்குள் டாக்டர் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். கால் தரையில் படலாம், பாரம் மட்டும் கூடாது. நான் கோமதிக்குச் சொன்னது: "காலுக்கு அடியில ஒரு அப்பளம் இருக்குன்னு நெனச்சுக்கோ. படணும், ஒடையக் கூடாது." ஒரு பொரித்த அப்பளத்தையே வைத்துப் பழக்கினேன். முதல் நாள் எல்லாம் நொறுங்கியது. பிரபு எடுத்துச் சாப்பிட்டான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒன்றும் உடையவில்லை.

மண்டபத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை தூக்கி வைப்பது பெண்ணின் வலது காலை, அவள் நிற்பது இடது காலில். எனக்காகவே ஏற்படுத்திய சடங்கு மாதிரி இருந்தது. தீவலம் வரும்போது அவள் கையைக் கட்டையின் பிடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரபு மெதுவாக நடந்தான். மத்தியானம் அடையாறுக்குப் போனோம். ஒட்டியாணத்துக்கு அடியில் ஆஸ்பத்திரியின் துணி பெல்ட்டைக் கட்டியிருந்தேன். அதைப் பிடித்தபடி நான் பின்னால்.

மாடிப்படியில் ஒரு கை கைப்பிடியில், மறு கை கட்டையில். இன்னொரு கட்டையை ஏழுமலை எடுத்து வந்தார். பழக்கதோஷத்தில் கோமதி ஒவ்வொரு படிக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினாள். "நல்லது... நல்லது... நல்லது..." கீழே நின்ற ஒரு அம்மாள், "பாத்தியா, பொண்ணு இன்னாமா நல்ல வார்த்தையா சொல்லிகினே ஏறுது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

வாசலில் இழைக்கோலம் காய்ந்து பளிச்சென்று இருந்தது. மணைக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் சொல்லவில்லை. சரோஜாம்மாதான் செய்திருக்க வேண்டும். இன்னொரு கட்டையையும் வாங்கிக்கொண்டு கோமதி "நல்லது" என்று மணையில் ஏறி நின்றாள். உள்ளே ஆரத்தித் தட்டோடு சரோஜாம்மா. அவருக்குப் பின்னால் அந்த அத்தை, இன்னும் நிறையப் பேர். ஆரத்தி சுற்றி முடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்: "வலது காலை எடுத்து வெச்சு வாம்மா."

கோமதி இரண்டு கட்டையையும் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் ஊன்றினாள். வலது காலைத் தூக்கினாள். தூக்கும்போதே, தெளிவாக, எங்கள் அறையில் சொல்வது போலவே சொன்னாள்:

"இறங்க... கெட்ட கால்."

அப்படியே நின்றுவிட்டாள். கால் நிலைப்படிக்கு மேலே அந்தரத்தில். "அய்யய்யோ, வூட்டுக்குள்ள வர்றப்ப இன்னா வார்த்தைடி" என்றது உள்ளே ஒரு குரல். யார் என்று பார்க்கத் தேவையில்லை. ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டார். கோமதியின் தோள் இரண்டும் காதுக்கு ஏறின. காலைப் பின்னால் எடுத்தால் வாசல்வரை வந்து திரும்பிய மருமகள். பயத்தில் தொப்பென்று வைத்தால் தகடு. அது ஆஸ்பத்திரி வார்த்தை, நாங்கள் சொல்லிக்கொடுத்தது என்று நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் சரோஜாம்மா முந்திக்கொண்டார்.

தட்டைப் பக்கத்தில் இருந்தவள் கையில் கொடுத்தார். கோமதிக்கு நேரே வந்து நின்றார்.

"யாரு சொன்னது, கெட்ட காலுன்னு?" என்றார். "ஒடஞ்சும் என் வூட்டுக்கு நடந்து வருது அது. என் வூட்டுக்குள்ள மொதல்ல வர்ற காலு. வெய்யி கண்ணு."

கோமதி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மெதுவா," என்றார் சரோஜாம்மா. "அப்பளம் ஒடயக் கூடாது."

பிரபு வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோமதி சிரித்துவிட்டாள். தோள் இறங்கியது. மருதாணி வைத்த அந்தக் கால் நிலைப்படியைத் தாண்டி, கூடத்துத் தரையில், பூ விழுகிற மாதிரி பட்டது. பாரம் முழுக்கக் கையில். பிறகு இடது கால். நான் பெல்ட்டை விட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பதற்கில்லை. அந்தம்மாவை நான் எவ்வளவு தப்பாக எடைபோட்டிருந்தேன். தேதியை ஏன் மாற்றவில்லை என்று பந்தியில் அவரிடமே கேட்டேன். "தள்ளிவெச்சா, அந்தக் காலாலதான் தள்ளிப்போச்சுன்னு அதுக்கும் பேசுவாளுங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

மறுநாள் காலையில் ரஹீம் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு தடிக்குப் புது ரப்பர் புஷ் மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். "யாரு சொன்னது கெட்ட காலுன்னு" என்று அந்தம்மா கேட்டதைச் சொன்னபோது அவர் கை நின்றது. "நான்தாம்மா சொன்னேன்" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் வகுப்பு ஆரம்பித்தது. மரப்படிக்கட்டுக்கு முன்னால் வழக்கம்போல வரிசை. சார் "ஏற" என்றார். "நல்லது" என்றார்கள். "இறங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே அவர் சொல்லி வந்த வாய்ப்பாடு அது. வரிசையில் முதலில் நின்ற மீன்கார அம்மாவிடம் போனார்.

"உங்களுக்கு எந்தக் காலும்மா?"

"எடது நைனா."

"உங்களுக்கு?"

"வலது சார்."

கடைசி ஆள் வரை கேட்டார். பிறகு திரும்பி வந்து நின்று, "இனிமே அவங்கவங்க காலை அவங்கவங்க பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார். "இறங்க" என்றார். "எடது" என்றது ஒரு குரல், "வலது" என்றது இன்னொன்று, இரண்டு பேர் மாற்றிச் சொல்லித் திருத்திக்கொண்டார்கள். ஒரே இரைச்சல். மீன்கார அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் அறை அன்றையிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் இரைந்தது. யாரும் படியிலிருந்து விழவில்லை. கோமதியின் எலும்பு நன்றாகக் கூடியது. கட்டையைத் திருப்பிக் கொடுக்க மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள்.

இதுவரை எழுதியதைப் போனில் நிவேதாவுக்குப் படித்துக்காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ ரெண்டு வீடியோ எடுக்கணுமே மேடம். வலது காலுக்கு ஒண்ணு, எடது காலுக்கு ஒண்ணு?"

ரெண்டு எடு என்றேன்.